வெயிலும் மழையும் சூரியக்கலத் தகடுகளும்

மின்னாக்கும் சாதனங்களுள் அசையும் உறுப்பு ஒன்றேனும் இல்லாதது சூரியக்கலத் தகடு. அது சுழல்வதுமில்லை, எரிவதுமில்லை, ஓசையிடுவதுமில்லை. சிலிக்கன் என்னும் மூலகத்தின் மெல்லிய வில்லைமீது ஒளி விழ, அதன் இலத்திரன்கள் பெயர்ந்து மின்னோட்டமாகின்றன. 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சேப்பின், புல்லர், பியர்சன் ஆகிய மூவரும் பயன்தரத்தக்க சிலிக்கன் கலத்தை முதன்முதலாக ஆக்கிக் காட்டினர். விழுந்த ஒளியில் ஏறக்குறைய 6 வீதமே அன்று மின்னாயிற்று. 1958இல் வான்காட் என்னும் சிறு செய்மதி இத்தகைய கலங்களைச் சுமந்து விண்ணேகி, 1964 வரை குறிப்பொலி அனுப்பியது. விண்வெளிக்கு வேறு இடர்கள் உண்டு. ஆயின் அங்கே மழையில்லை, உப்புக்காற்றில்லை, காகமுமில்லை. கூரைமீது 20, 25 ஆண்டுகள் கிடந்து உழைக்கவேண்டிய தகட்டின் நிலை வேறு. சிலிக்கன் தானாகக் கெடுவது அரிது. கெடுவன அதனைச் சூழ்ந்தவையே: மேலே கண்ணாடி, கலங்களைக் கண்ணாடியோடு பற்றவைக்கும் ஒளிபுகும் பசை, பின்புறத் தாள், அலுமினியச் சட்டம், வடம், இணைப்பு, சுரையாணி.

இவ்வுண்மை எளிதிற் புலப்பட்டதன்று. 1975 முதல் 1986 வரை அமெரிக்கத் தாரை உந்துகை ஆய்வுகூடம், தரையில் வைக்கும் தகடுகளை வாங்கிச் சோதிக்கும் பெருமுயற்சி ஒன்றை நடத்திற்று. தொடக்கத்தில் வந்த தகடுகள் சிலவற்றிற்குக் கண்ணாடி மூடியில்லை. மென்மையான சிலிக்கோன் இறப்பர்ப் படையே மேற்புறமாயிருந்தது. அதில் ஒட்டிய தூசியை மழையாலும் கழுவ இயலவில்லை. கண்ணாடியும், எதிலீன் வினைல் அசற்றேற்று என்னும் பிளாத்திக்குப் பசையும் நிலைபெற்றது இம்முயற்சியின் பயனே. அப்பசையும் குறையற்றதன்று. கலிபோர்னியாவின் கரிசோ சமவெளியில் 1980களின் முற்பகுதியில் அமைந்த நிலையத்தில், ஒளியைக் கூட்டுவதற்காகத் தகடுகளின் அருகே கண்ணாடிகளை நிறுத்தினர். ஒளி கூடியது, அதனோடு வெப்பமும் கழியூதாக் கதிரும் கூடின. சில ஆண்டுகளிலேயே பசை மஞ்சளித்துப் பின் கபிலநிறமாகி, மின்விளைவும் குன்றிற்று.

இத்தகைய அனுபவங்களின் மேல் எழுந்தவையே இன்றைய சோதனை நியமங்கள். இன்று உலகெங்கும் வழங்கும் நியமத்தின்படி, ஒரு தகடு 85 பாகை செல்சியசு வெப்பத்திலும் 85 வீத ஈரப்பதனிலும் 1000 மணிநேரம் வைக்கப்படுகின்றது; -40 பாகைக்கும் 85 பாகைக்கும் இடையே 200 முறை குளிர்ந்து சூடாகின்றது; 25 மில்லிமீற்றர்ப் பனிக்கட்டி உருண்டைகளின் மோதலையும் தாங்கவேண்டும். சோதனை கடுமையானதே. ஆயினும் 1000 மணிநேரம் என்பது 42 நாள்களுக்கும் குறைவு. மேலும், ஆய்வுகூடத்தில் ஈரம், வெப்பம், கழியூதாக் கதிர் ஆகியன பெரும்பாலும் தனித்தனியே தாக்குகின்றன. கூரையிலோ அவை ஒருங்கே தாக்குகின்றன. 2010ஐ அடுத்த ஆண்டுகளில் பொருத்தப்பட்ட ஒருவகைப் பொலியமைட்டுப் பின்தாள்கள் சோதனைகளிலெல்லாம் தேறியவை. எனினும் வெளியில் சில ஆண்டுகளிலேயே கலங்களின் இடைவெளி நெடுகிலும் வெடித்தன. சான்றிதழ் பிறப்புப் பத்திரம் போன்றது. ஆயுளுக்கு அது பிணை நில்லாது.

இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டும் உண்டு. சுவிற்சர்லாந்தின் லுகானோ நகரை அடுத்து 1982ஆம் ஆண்டு மே மாதம் 288 தகடுகளைக் கொண்ட 10 கிலோவாற்று நிலையமொன்று பொது மின்வலையோடு இணைக்கப்பட்டது. ஐரோப்பாவில் இவ்வாறு இணைந்தவற்றுள் இதுவே முதலாவது. தேர்ந்தெடுத்த சில தகடுகள் ஆரம்பத்திலும் பின்னர்ப் பலமுறையும் அளக்கப்பட்டன. முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் நோக்கியபோது, பெரும்பாலானவை மஞ்சளித்திருந்தும் அரைவாசிக்கு மேற்பட்டவை தொடக்க வலுவின் 80 வீதத்துக்குக் குறையாமல் உழைத்துக்கொண்டிருந்தன. ஒரே ஆலையில் ஒரே பெயரோடு வந்த தகடுகளுட் சில மெல்லவும் சில விரைந்தும் தேய்ந்தமைக்கு, வெவ்வேறிடத்துப் பெற்ற பசையே காரணமெனக் கண்டனர். தொடக்க அளவு எழுதப்பட்டிராவிடின் இவ்வேறுபாட்டை எவரும் அறிந்திரார்.

இலங்கையில் 2010இல் தேறிய அளவை முறையும், 2016இல் ‘சூரிய பல சங்ராமய’ என்னும் அரசுத் திட்டமும் வந்தபின், கூரைத் தகடுகள் பெருகின. மின் விற்பனைக்கான உடன்படிக்கை 20 ஆண்டுகளுக்குரியது. வங்கிக்கடன் பெற்றுத் தகடு பொருத்தும் குடும்பத்துக்கு, ஏழாம் ஆண்டிலே தகடு சோர்ந்தால் இழப்பு பெரிது. ஆகவே பொருத்தும் நாளிலேயே கருத்தூன்ற வேண்டும்.

யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9 பாகை 40 கலையில் உள்ளது. தெற்கு நோக்கி ஏறக்குறைய 10 பாகை சரித்து வைப்பின், வெயிலும் நன்கு விழும், மழையும் தூசியைக் கழுவிச் செல்லும். படுக்கையாய் வைத்தால் நீர் சட்டத்தின் விளிம்பில் தேங்கி, அழுக்கு வரம்புபோற் படியும். தகட்டுக்கும் கூரைக்கும் இடையே காற்றோடும் வெளி வேண்டும். தகடு ஒரு பாகை சூடேற மின்விளைவு 0.3 முதல் 0.4 வீதம் வரை குறையும். தாங்கிகள் கைமரத்திலே பற்றவேண்டும், சலாகையில் அன்று. ஓட்டைத் துளைத்துச் சீமெந்து பூசுவதினும், ஓட்டின் கீழே கொளுக்கி வைத்துக் கைமரத்தில் இறுக்குவது நன்று. அஸ்பெஸ்ரோஸ் கூரையைத் துளைத்தல் மூச்சுக்குக் கேடு. அதன்மீது நடப்பதோ உயிருக்கே கேடு.

காற்று தகட்டை அமுக்குவதினும் தூக்குவதே ஆபத்து. கூரையின் விளிம்பிலும் மூலையிலும் அத்தூக்குவிசை மிகும். 1964 திசெம்பரில் வடபகுதியையும் 1978 நவெம்பரில் மட்டக்களப்பையும் தாக்கிய சூறாவளிகளை அறிந்தோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அலுமினியம் வெப்பத்தில் நீளும் இயல்பினது. 10 மீற்றர் நீளச் சலாகை 40 பாகை வேறுபாட்டுக்கு ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் நீளும். இடைவெளி விடாது பூட்டினால் அது ஆணிகளை நாடோறும் அசைத்துத் தளர்த்தும்.

கடலோரத்தில் இன்னொரு பகை உண்டு. வேறுபட்ட இரு உலோகங்கள் உப்பீரத்தில் ஒன்றையொன்று தொட்டால், அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகி, அவற்றுள் ஒன்று கரையும். புவித்தொடுப்புக்கான செப்புக் கம்பியை அலுமினியச் சட்டத்தில் நேரே முறுக்குவது அடிக்கடி நிகழும் பிழை. கரைவது அலுமினியம், சில ஆண்டுகளில் கம்பி இருந்தும் தொடுப்பிராது. வெள்ளீயம் பூசிய முனையும் கறையில் உருக்கு ஆணியும் இதனைத் தடுக்கும். மலிவான நாகப்பூச்சு ஆணிகள் கடற்காற்றில் நெடுநாள் நில்லா.

மின்னிணைப்பே உயிராபத்தோடு கூடியது. தொடரிணைப்பிலுள்ள தகடுகளின் அழுத்தம் பல நூறு வோல்ற்று; அது நேரோட்டமும் ஆகும். ஆடலோட்டத்தில் ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டம் பூச்சியத்தைத் தொடுவதாற் பொறி அணையும். நேரோட்டத்திலோ பொறி தொடர்ந்து எரியும். இருவேறு நிறுவனங்களின் இணைப்பிகள் ஒன்றுக்கொன்று பொருந்துவனபோலத் தோன்றினும் உள்ளே தொடுகை தளர்ந்து சூடேறித் தீப்பற்றக்கூடும். வடம் கூரையிற் கிடந்து உராயாமலும், இணைப்பி நீரில் ஆழாமலும் கட்டப்படல் வேண்டும்.

வேலை முடிந்ததும், ஒவ்வொரு தொடரின் திறந்த சுற்று அழுத்தம், காவலித்தடை, தகட்டெண்கள், ஒளிப்படங்கள் ஆகியவற்றை எழுத்திற் பெறாது பணத்தைத் தீர்த்துவிடுதல் அறியாமை. காவலித்தடை 1 மெகாஓமுக்குக் குறைதல் ஆகாது. பின்னர் ஆண்டுதோறும் சோதித்தல் வேண்டும்; வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதம் இதற்கு ஏற்றது. காணவேண்டியவை தளர்ந்த ஆணி, துரு, பின்தாளில் வெடிப்பு, எலி கடித்த வடம், மஞ்சளிப்பு. நல்ல வெயிலில் செந்நிறக்கீழ்க் கதிர்க் கமராவாற் பார்த்தால் சூடான கலமும் சூடான இணைப்பியும் வெளிப்படும். ஒரு கலத்தைக் காக எச்சம் மறைத்தாலும், ஏனைய கலங்கள் ஆக்கிய மின் அதில் வெப்பமாய்த் தங்கும். தகட்டிலுள்ள இருவாயி கெட்டிருப்பின் அவ்விடம் கருகும்.

கழுவுதல் வைகறையிலே நிகழ்தல் நன்று. உச்சிவேளையில் சுடுகண்ணாடி மீது குளிர்நீர் ஊற்றலாகாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணற்றுநீர் காய்ந்தால் வெண்படலம் விடும். அது தூசியினும் பிடிவாதமானது. சேர்த்துவைத்த மழைநீரும் மென்துணியும் போதும். கழுவுவோர் எவராயினும் ஆளியை நிறுத்திய பின்னரும் பகலில் தகட்டுக்கும் ஆளிக்கும் இடைப்பட்ட வடத்தில் அழுத்தம் இருந்தேயாகும் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். உறை கிழிந்த வடத்தைக் கண்டால், தொடாது விலகி மின்வினைஞரை அழைத்தலே முறை.