கால் ஊன்றும் கலங்கள்

நீரிலே நிமிர்ந்து நிற்கும் பாய்க்கலம் தரையிலே நிற்கமாட்டாது. இவ்வுண்மையை நம் நாட்டிற் கண்டறியும் வாய்ப்புக் குறைவு. இலங்கைக் கரையோரத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு மீற்றரையேனும் எட்டுவதில்லை. வட பிரான்சின் பிரிற்றனிக் கரையிலுள்ள சென் மாலோவிலோ, அமாவாசை பூரணையை ஒட்டிய நாள்களில், அது 12 மீற்றரையும் கடப்பதுண்டு. காலையிற் கலங்கள் மிதந்த சிறு துறைகள் ஆறு மணித்தியாலத்துள் வெறுந்தரையாகிவிடும்.

அத்தகைய துறையொன்றில், நீர் வடிந்த மணலின்மீது பாய்க்கலங்கள் இருபுறமும் கால்களை ஊன்றி நின்ற காட்சி என்னை வியப்பில் ஆழ்த்தியது. அக்கால்களின் தேவை யாது?

இக்கலங்களின் அடியில் ஆழமாய் இறங்கும் ஏராக்கட்டையிலே இரும்போ ஈயமோ சேர்க்கப்பட்டிருக்கும். காற்றிலே கலம் சாயுந்தோறும் அப்பாரமே அதனை மீண்டும் நிமிர்த்துகின்றது. ஆனால் தரை தட்டியதும், விளிம்பின்மேல் நிறுத்திய பலகைபோலக் கலம் தள்ளாடத் தொடங்கும். ஒருபுறம் முற்றாய்ச் சாய்ந்துவிட்டால், திரும்பி வரும் பெருக்கு அதனை மிதக்கச் செய்யுமுன் உள்ளே புகுந்து நிரப்பிவிடவுங் கூடும்.

இதனைத் தடுக்கவே, கலம் அகன்றிருக்கும் நடுப்பகுதியில், பக்கத்துக்கு ஒன்றாக இரு கால்களைப் பொருத்துகின்றனர். அவை மரத்தாலோ உலோகத்தாலோ ஆனவை. மணலிற் புதையாதிருக்க அடியிலே அகன்ற பாதமுடையவை. அலையில் முன்னும் பின்னும் ஆடாதவாறு, பாதத்திலிருந்து அணியத்துக்கும் பின்புறத்துக்கும் கயிறு இழுத்துக் கட்டப்படும்.

இவற்றின் நீளத்தை அறிந்தபோதுதான் இக்கலையின் நுட்பம் எனக்கு விளங்கிற்று. ஏராவின் அடியைவிடச் சில சென்ரிமீற்றர் குறைவாகவே கால்களை அமைப்பர். கலத்தின் பாரத்தைச் சுமக்க வேண்டியது ஏராவேயன்றிக் கால்களல்ல. சாயாமற் காப்பதே அவற்றின் பணி. கால் நீண்டுவிட்டால், கலத்தின் முழுப் பாரமும் அதனைப் பொருத்திய இடத்தைத் தாக்கி, கலத்தின் பக்கத்தையே பிளந்துவிடலாம். ஆங்கிலேயர் இவற்றைக் ‘கால்’ என்பர். பிரெஞ்சு மக்களோ ‘ஊன்றுகோல்’ என்று பொருள்படும் சொல்லால் அழைப்பர். பிரெஞ்சுச் சொல்லே பொருத்தமானதென்பது என் எண்ணம்.

கால்கள் இருந்தாலும் இடமறிதல் இன்றியமையாதது. முந்திய வற்றின்போது நடந்து சென்று தரையைப் பார்த்துவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம். ஒருபுறம் வன்மணலும் மறுபுறம் சேறுமாயின், சேற்றிலே கால் புதையக் கலம் கவிழும். அலை மிக்க இடமாயின், தரை தட்டும் வேளையில் ஏரா மோதி மோதி இடிபடும். காலமறிதலும் அதனினுங் குறைந்ததன்று. மிகவுயர்ந்த பெருக்கின் உச்சியிலே தரை தட்டியவன், அடுத்தடுத்த பெருக்குகள் தாழ்ந்து செல்வதால், ஏறத்தாழ இரு வாரம் காத்திருக்க நேரிடலாம்.

இத்தனை இடருக்கும் பயனுண்டு. பாசியையும் சிப்பியையும் சுரண்டி, அடிப்புறத்துக்கு வண்ணம் பூச, அந்தச் சில மணித்தியாலங்கள் உதவுகின்றன. பின்னர் பெருக்கு வரும், கலம் மிதக்கும், மாலுமி கால்களைக் கழற்றி உள்ளே வைப்பான். ஓடும் கலத்துக்கு அவை தடையே.

பிறரைத் தாங்கி வளர்க்கும் பணியில் இருப்போர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. மாணவன் தன் பாரத்தைத் தானே சுமக்குமாறு விட்டு, வீழாது காக்கும் அளவுக்கே நம் துணையின் நீளம் இருத்தல் வேண்டும்.