உங்களுக்குத் தெரியுமா? குடத்துத் தண்ணீரில் மின்னூட்டச் சங்கிலிகள்

● கலங்கிய தண்ணீர்க் குடத்தின் உட்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசி வைத்தால் தண்ணீர் தெளியும் என்று விழுப்புரம் பக்கத்துப் பாட்டிமார்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அது எப்படித் தெளிகிறது? ஏரித் தண்ணீரில் மிதக்கும் களிமண் துகள்கள் எல்லாமே எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் அடியில் படிய முடியாமல் அலைகின்றன. கொட்டையிலிருந்து கரைந்து வருபவை நீண்ட சங்கிலி மூலக்கூறுகள், அதாவது மின்னூட்டம் கொண்ட பாலிமர்கள். ஒரே சங்கிலி பல துகள்களில் ஒட்டிக்கொண்டு அவற்றுக்கு நடுவே பாலம் போடுகிறது. துகள்கள் திரண்டு, கனம் கூடி, கீழே இறங்கிவிடுகின்றன. முருங்கை விதையும் இதே வேலையைச் செய்யும். அதில் இருப்பது நேர்மின்னூட்டம் மிகுந்த ஒரு சிறு புரதம். போட்ஸ்வானாவிலும் சுவீடனின் உப்சாலாவிலும் உள்ள ஆய்வாளர்கள் சேர்ந்து, இந்தப் புரதம் பரப்புகளில் எப்படிப் படிகிறது என்பதை நியூட்ரான் கற்றைகளை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

● உப்பில்லாத தண்ணீரில் இப்படி மின்னூட்டம் கொண்ட பாலிமரைக் கரைத்தால் அதன் சிறு அயனிகளில் பல பிரிந்து தண்ணீருக்குள் போய்விடும். மிச்சமிருக்கும் சங்கிலியில் நெடுக ஒரே வகை மின்னூட்டம். சுருண்டு கிடக்க முடியாமல் சங்கிலி விறைத்து நீள்கிறது. டி.என்.ஏ., ஜெலட்டின், குழந்தைகளின் டயப்பருக்குள் இருக்கும் பொடி எல்லாமே மின்னூட்டப் பாலிமர் குடும்பம்தான்.

● இந்தச் சங்கிலிகளைச் சாதாரண நுண்ணோக்கியில் பார்க்க முடியாது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள இடைவெளியே சில நானோமீட்டர்தான். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதனால் மெல்லிய கண்ணாடிக் குழாயில் கரைசலை நிரப்பி, எக்ஸ்ரே கற்றையை அதன் வழியே செலுத்துகிறார்கள். பெரும்பகுதி நேராகப் போய்விடும். மிகச் சிறிய பகுதி மட்டும் சற்றே விலகிச் சிதறும். செம்பு இலக்கிலிருந்து வரும் எக்ஸ்ரேயின் அலைநீளம் 0.154 நானோமீட்டர். 10 நானோமீட்டர் இடைவெளியை அதை வைத்து அளந்தால் விலகல் ஒரு டிகிரிகூட இருக்காது. நேர்க்கற்றையின் கண்கூசும் ஒளிக்கு அருகிலேயே இந்த மங்கலான சிதறலைப் பிடித்தாக வேண்டும். இந்த ஆய்வின் கடினம் முழுவதும் அந்த ஒரு டிகிரிக்குள்தான் இருக்கிறது.

● உப்பு சேர்க்காத கரைசலில் சிதறல் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் உச்சம் காட்டும். சங்கிலிகள் தங்களுக்குள் ஓர் இடைவெளியைக் காத்து நிற்பதன் அடையாளம் அது. கரைசலின் செறிவை நான்கு மடங்காக்கினால் இடைவெளி பாதியாகும். 1976-இல் பிரான்சின் டி ஜென் தன் கூட்டாளிகளுடன் இதற்கான கோட்பாட்டை எழுதினார். 1991-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பாலிமர்களைப் பற்றிய அவருடைய ஆய்வுகளுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

● எக்ஸ்ரே சிதறலை வைத்து ஆராயும் இந்த வழிக்கு முதல் தடம் போட்டவர்களில் நம்மவர்களும் உண்டு. ராமன் விளைவு கண்டறியப்பட்டது 1928-இல். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1923-இல், திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமனும் பாலக்காட்டுக் கல்பாத்தியைச் சேர்ந்த கே.ஆர். ராமநாதனும் திரவங்களில் எக்ஸ்ரே சிதறுவது பற்றிக் கல்கத்தாவில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தூய திரவத்தில் நேர்க்கற்றைக்கு மிக அருகே சிதறல் ஏன் அவ்வளவு குறைவு என்பதற்கு விடை சொன்னார்கள்: திரவத்தை அமுக்குவது கடினம், அதனால் அதன் அடர்த்தி இடத்துக்கு இடம் அதிகம் மாறுவதில்லை. அப்படி இருட்டாக இருக்கும் அந்தப் பகுதியில்தான் கரைந்த பாலிமரின் சிதறல் தெரிகிறது. 1930-இல் பி. கிருஷ்ணமூர்த்தி கரித்தூளிலும் கூழ்மக் கரைசல்களிலும் நேர்க்கற்றையை ஒட்டிய இந்தச் சிறுகோணச் சிதறலைக் கண்டு எழுதினார். பிரெஞ்சுக்காரர் கினியே இந்தத் துறைக்கு அடித்தளம் இட்டது 1930-களின் இறுதியில். பாடநூல்கள் கினியேயிலிருந்து தொடங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. கிருஷ்ணமூர்த்தியின் பெயரை நம் கல்லூரி வகுப்புகளிலாவது சொல்ல வேண்டும்.

● புகையிலைத் தேமல் வைரஸ் ஒரு கோல். நீளம் 300 நானோமீட்டர், தடிமன் 18. அதன் மேலெல்லாம் எதிர்மின்னூட்டம். 1941-இல் ஆய்வாளர்கள் பெர்னாலும் ஃபேன்குக்கனும் இந்த வைரஸ் கரைசலை எக்ஸ்ரேயில் ஆராய்ந்தபோது, பாலிமர்ச் சங்கிலிகளைப் போலவே கோல்களும் தண்ணீருக்குள்ளேயே சம இடைவெளியில் வரிசை கட்டி நிற்பதைக் கண்டார்கள். அதே பெர்னால் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கொலாஜன் என்ற புரதத்தின் கட்டமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று அங்கிருந்த ஜி.என். ராமச்சந்திரனிடம் சொன்னார். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்து, 1954-இல் மூன்று சங்கிலிகள் முறுக்கிய அமைப்பை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்தது கரைசல் அல்ல, நார். ஆனால் அதே கொலாஜனைக் கொதிக்க வைத்தால் முறுக்கு பிரிந்து ஜெலட்டினாகும். அப்போது அது கரைசலில் உள்ள மின்னூட்டப் பாலிமர்தான்.

● திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் மரக்காணம் உப்பளம். மின்னூட்டப் பாலிமர்களை அடக்கும் வித்தை உப்புக்குத் தெரியும்! உப்பின் அயனிகள் சங்கிலியைச் சூழ்ந்து, அதன் மின்விசையை மறைத்துவிடும். கிணற்றுத் தண்ணீரில் சில நானோமீட்டர் தூரம் எட்டும் விசை, கடல்நீரில் அரை நானோமீட்டர்கூட எட்டாது. விறைத்து நின்ற சங்கிலி தளர்ந்து சுருளும். எக்ஸ்ரே காட்டிய உச்சமும் மறைந்துவிடும். ஆற்று நீர் கடல்நீரைச் சந்திக்கும் முகத்துவாரங்களில் வண்டல் சீக்கிரம் படிவதற்கும் இதே மறைப்புதான் ஒரு காரணம். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலியும் நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடம்தான்.

● வீட்டிலேயே பார்க்கலாம். புது டயப்பர் ஒன்றைப் பிரித்து உள்ளே இருக்கும் பொடியைத் தண்ணீரில் போடுங்கள், ஊதி ஜெல்லியாகும். அதன்மேல் ஒரு கரண்டி உப்பைத் தூவிக் கலக்குங்கள். பிடித்து வைத்திருந்த தண்ணீரை விட்டுவிட்டு ஜெல்லி தளரும்.

● டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்ற வேர்க்கடலை ரகங்கள் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்தவை. கடலையில் ஏறத்தாழ கால் பங்கு புரதம்; புரதமும் மின்னூட்டம் கொண்ட சங்கிலிதான். அதன் முக்கியப் புரதமான அராக்கின், கரைசலில் உப்பு குறைந்தால் இரண்டு பாதியாகப் பிரியும். உப்பு கூடினால் மறுபடி சேரும். அமிலத்தைச் சேர்த்து பி.எச். மதிப்பை 4.5-க்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் நேரும் எதிரும் ஈடாகி, கடலைப் புரதம் கரைசலிலிருந்து வெண்மையாகப் படியும். புண்ணாக்கிலிருந்து புரதத்தைப் பிரிக்க இது ஒரு வழி.

● இந்த ஆய்வுக்கு வேண்டிய எக்ஸ்ரே கற்றையைத் தரும் இந்தூரின் இண்டஸ்-2 சின்க்ரோட்ரானின் ஆற்றல் 250 கோடி எலெக்ட்ரான் வோல்ட், சுற்றளவு சுமார் 172 மீட்டர். சிறுகோண எக்ஸ்ரே சிதறலுக்கென்று அங்கே தனிக் கற்றை இருக்கிறது. பல்கலைக்கழக, கல்லூரி ஆய்வாளர்கள் விண்ணப்பித்துப் பயன்படுத்தலாம். இத்தகைய வசதிகளைக் கல்லூரிகளுக்குக் கொண்டுசேர்க்கவே இருக்கும் யு.ஜி.சி.–டி.ஏ.இ. (பல்கலைக்கழக மானியக் குழு–அணுசக்தித் துறை) கூட்டமைப்புக்குக் கல்பாக்கத்தை ஒட்டிய கொக்கிலமேட்டில் ஒரு மையமும் உண்டு. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ வேதியியல் படிக்கும் பிள்ளைகள் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.