நிலவறையில் பக்குவமாகும் பீர்

இங்கிலாந்தின் பழைய கிராமத்து பப் ஒன்றில் நுழைந்தால், கவுண்டரின் மேல் முழ நீளத்துக்கு மரக் கைப்பிடிகள் நிற்பதைப் பார்க்கலாம். பரிமாறுபவர் ஒன்றைப் பிடித்துத் தன் பக்கம் நிதானமாக இழுப்பார். குவளையில் ஏல் என்னும் செம்பழுப்பு நிற பீர் இறங்கும். இரண்டு மூன்று இழுப்பில் ஒரு பைண்ட், அதாவது 568 மில்லி, நிறைந்துவிடும்.

இந்தக் கைப்பம்புக்கு மின்சாரம் வேண்டாம், வாயு சிலிண்டரும் வேண்டாம். நம் ஊர் அடிபம்பின் தத்துவம்தான். கைப்பிடியை இழுக்கையில் கவுண்டருக்கு அடியில் உள்ள உருளைக்குள் பிஸ்டன் மேலேறி, தன்மேல் நிற்கும் பீரைக் குவளைக்குத் தள்ளும். அதே வேளையில் நிலவறைப் பீப்பாயிலிருந்து அடுத்த அரை பைண்டை உறிஞ்சிக்கொள்ளும். பூட்டுகளுக்கும் நீரழுத்த இயந்திரத்துக்கும் பெயர்பெற்ற ஜோசப் பிராமா 1797இல் இத்தகைய பம்புக்குக் காப்புரிமை வாங்கினார்.

சாதாரண பீரை ஆலையிலேயே வடிகட்டி, பெரும்பாலும் சூடாக்கி, ஈஸ்டை நீக்கிவிடுவார்கள். பப்பில் வாயு அழுத்தம் அதை வெளியே தள்ளும். கைப்பம்பில் வரும் ‘ரியல் ஏல்’ என்ற பீரோ உயிருள்ள ஈஸ்டுடன் பீப்பாய்க்குள் போகிறது. மிச்சமிருக்கும் சர்க்கரையைத் தின்று ஈஸ்ட் அங்கேயும் நொதித்துக்கொண்டிருக்கும். அதில் பிறக்கும் கரியமில வாயுவே பீருக்கு மெல்லிய துடிப்பைத் தருகிறது. ஆகவே ஆலை விட்ட இடத்திலிருந்து மீதி வேலையை பப்காரர் முடிக்க வேண்டும். என் கணக்கில் அவரும் பாதி பீர் வடிப்பவர்தான்.

வழக்கமான சிறு பீப்பாயில் 72 பைண்ட், ஏறக்குறைய 41 லிட்டர் பிடிக்கும். 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியுள்ள நிலவறையில், தாங்கிமேல் அதைப் படுக்கவைத்து அசையாமல் விடுகிறார்கள். மேல்பக்கத்து அடைப்பில் நுண்துளைகள் உள்ள மென்மர முளை ஒன்றை அடித்து இறக்குவார்கள். மிகையான வாயு அதன் வழியே நுரைத்துக்கொண்டு வெளியேறும். கொந்தளிப்பு தணிந்ததும் அதைப் பிடுங்கிவிட்டு, காற்றுப் புகாத கடின முளையைச் செருக வேண்டும். முந்தினால் பீர் நுரையாய்ப் பொங்கும். பிந்தினால் துடிப்பு போய்ச் சப்பென்று ஆகிவிடும். அந்த நேரத்தை அனுபவத்தால்தான் அறிய முடியும். இதற்கிடையே, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஒருவகைப் பசை ஈஸ்டைத் திரட்டி அடியில் படியவைக்கும். (சைவர்கள் கவனிக்க: இந்தப் பசை சேர்க்காத ஏல்களும் இப்போது கிடைக்கின்றன.) ஓரிரு நாளில் பீர் தெளிந்துவிடும்.

விற்பனை தொடங்கியதும் புதுக் கெடு ஒன்று ஆரம்பிக்கிறது. பீர் குறையக் குறையப் பீப்பாய்க்குள் காற்று நுழையும். மூன்று நாளைத் தாண்டினால் சுவை கெடத் தொடங்கும். அதனால்தான் ஆள் நடமாட்டம் இல்லாத பப்பில் நல்ல ஏல் தங்காது. ஒரு பீப்பாயைக் காலிசெய்ய ஊரே வர வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று 1960களில் பெரிய ஆலைகள் வாயு பீருக்கு மாறின. பீப்பாய் ஏல் மறைந்துவிடும் நிலை வந்தது. 1971இல் நான்கு இளைஞர்கள் தொடங்கிய கேம்ரா என்ற நுகர்வோர் அமைப்பு அதை மீட்டது. ஆட்கள் சேர்ந்தார்கள், 1974 முதல் நல்ல ஏல் தரும் பப்களின் கையேடு விற்பனைக்கு வந்தது, சிறு ஆலைகள் முளைத்தன. கம்ப்ரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் கிராமத்தில் ஓல்ட் கிரவுன் பப்பின் பின்னால், பழைய களஞ்சியத்தில் அப்படிப்பட்ட ஓர் ஆலை இயங்குகிறது. ஆலையை 1999இல் ஊர்க் கூட்டுறவு வாங்கியது. 2003இல் பப்பையும் ஊரார் சேர்ந்து வாங்கினார்கள். அங்கே வடிக்கும் ஏல்கள் பலவற்றுக்குச் சுற்றுவட்டார மலைகளின் பெயர்கள்தான்.

அப்படிப்பட்ட பப்புக்குப் போனால் மேசையில் காத்திருக்காதீர்கள். கவுண்டருக்குப் போய்க் கேட்டு, அங்கேயே பணம் கொடுக்க வேண்டும். எதை வாங்குவது என்று புரியாவிட்டால் ஒரு வாய் ருசி பார்க்கத் தரச் சொல்லலாம், அல்லது அரை பைண்ட் வாங்கலாம். கைப்பிடியில் பெயர் வில்லை திருப்பி மாட்டப்பட்டிருந்தால் அந்தப் பீப்பாய் தீர்ந்துவிட்டது. குவளையில் காடி வாடை அடித்தால் தயங்காமல் சொல்லுங்கள். நல்ல பப்பில் மறுபேச்சின்றி மாற்றித் தருவார்கள்.