கடையில் நிற்கிற பிள்ளைக்கும் சட்டம் உண்டு

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போய்வந்த தோட்டத்து அப்பா ஒருவர் நம்மைப் பார்க்க வந்தார். அவருடைய மகன் அந்தப் பக்கம் ஒரு கடையில் வேலை செய்கிறான். சாப்பாடு, படுக்க இடம், மாதம் 20,000 ரூபா. "சட்டமெல்லாம் தோட்டத்துத் துரைமாருக்குத்தானே, கடை முதலாளிக்கு ஏதுங்க?" என்று கேட்டார். பல லயங்களில் இந்த எண்ணம் இருப்பதால் இங்கே எழுதுகிறோம்.

2016 ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் கடை முதலாளியையும் கட்டுப்படுத்தும். அப்போது மாதம் 10,000 ரூபா என்று தொடங்கியது. 2025 ஏப்ரலில் 27,000 ஆனது; 2026 ஜனவரி முதல் 30,000. நாள் கூலி என்றால் 1,200. இதற்குக் குறைத்துப் பேசினால், பிள்ளை சம்மதித்திருந்தாலும் அந்தப் பேச்சு செல்லாது.

அடுத்தது ஊழியர் சேமலாப நிதி. தோட்டத்தில் பேர் போட்டால் இது தானாக நடக்கும் என்று நமக்குப் பழகிவிட்டது. கடையில் கேட்டு வாங்கவேண்டும். ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும், முதல் நாளிலிருந்தே கட்டவேண்டும். 30,000 ரூபாவில் பிள்ளையிடம் 8 வீதம், அதாவது 2,400 கழிப்பார்கள். முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம், 3,600 போடவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 வீதம், 900. ஆக முதலாளிக்குச் செலவு 34,500. அதனால்தான் சிலர் "தற்காலிகம்தானே தம்பி" என்று பேரைப் பதியாமல் இழுத்தடிக்கிறார்கள். தற்காலிக ஆளுக்கும் கட்டத்தான் வேண்டும். பிந்திக் கட்டினால் முதலாளி மேலதிகக் கட்டணமும் செலுத்தவேண்டும். இன்னொன்று: முதலாளி போடும் சாப்பாட்டின் பெறுமதியும் சேமலாப நிதிக் கணக்கில் சம்பளமாகச் சேரும். இது நிறையப் பேருக்குத் தெரியாது.

வயதையும் சொல்லவேண்டும். 2021 இல் வேலைக்கு எடுக்கும் ஆகக்குறைந்த வயது 14 இலிருந்து 16 ஆக உயர்ந்தது. பள்ளிக்கூடம் விட்ட 15 வயதுப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினால், எடுத்த முதலாளி குற்றவாளி. அனுப்புகிற நாமும் யோசிக்கவேண்டும்.

அந்த அப்பாவிடம் சொன்னது இதுதான்: மகன் வேலைக்குச் சேர்ந்த தேதி, வாங்கிய சம்பளம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிவைக்கட்டும். பேர் பதிந்தார்களா, அங்கத்தவர் இலக்கம் என்ன என்று முதலாளியிடம் மரியாதையாகக் கேட்கட்டும். சரியான பதில் வராவிட்டால் மட்டக்களப்பு தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் நம்மிடம் வாங்க, எழுதித் தருகிறோம்.