நாற்று மஞ்சளானால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்
குழித்தட்டு நாற்றங்காலில் புதிதாக இறங்கும் விவசாயிகளுக்கு

மேட்டுப்பாத்தியில் நாற்று விட்டுவந்த சிறு விவசாயிகள் பலர் இப்போது நிழல்வலைக் குடிலுக்கு மாறி வருகிறார்கள். கொல்லைப்புறத்தில் இரண்டு சென்ட் இடம், நான்கு கம்பம், பாதி வெயிலைத் தடுக்கும் பச்சை வலை, குழித்தட்டுகள், தென்னை நார்க்கழிவு ஆகியவை இருந்தால் போதும். மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுகளை வீட்டிலேயே வளர்த்துக்கொள்ளலாம். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டாரங்களில் வீட்டில் ஒருவர் சிப்காட்டில் வேலைக்குப் போக, மற்றவர் குடிலைக் கவனித்துக்கொள்ளவும் முடியும்.

மேட்டுப்பாத்தியில் வேர் மண்ணில் பரவித் தன் தேவையைத் தேடிக்கொள்ளும். குழித்தட்டில் அதற்குக் கிடைப்பது ஒரு கைப்பிடிக்கும் குறைவான நார்க்கழிவுதான். ஊற்றும் தண்ணீரில் உள்ள குறையும், வைக்கும் உரத்தில் உள்ள மிகையும் இரண்டு மூன்று நாட்களில் இலையில் தெரிந்துவிடும்.

ஓர் ஏக்கர் மிளகாய்க்கு, வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 45 செ.மீ. என்ற கணக்கில் சுமார் 15,000 நாற்று தேவை. 98 குழி கொண்ட தட்டானால் 150 தட்டுகளுக்கு மேல் வேண்டும். இவை கெட்டால் விதைப் பணம் மட்டும் போவதில்லை. மறுபடி விதைத்து 35 முதல் 40 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் பட்டம் தவறிவிடும்.

முதல் முறை நாற்று விடுபவர் இலை மஞ்சளானதும் உரக்கடைக்கு ஓடுகிறார். ஒரு நாள் சத்துக் கரைசல், மறுநாள் பூச்சி மருந்து, மூன்றாம் நாள் பூஞ்சாண மருந்து என்று எல்லாவற்றையும் தெளிக்கிறார். எதனால் நோய் வந்தது என்பதும் தெரிவதில்லை, எதனால் நாற்று செத்தது என்பதும் தெரிவதில்லை. மருந்து வாங்குமுன் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். அவை இலை, வேர், தண்ணீர்.

மஞ்சள் எங்கே தொடங்குகிறது?

முளைத்தவுடன் வரும் இரண்டு வித்திலைகள் சில வாரங்களில் மஞ்சளாகி உதிர்வது இயற்கை. அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அதற்கு மேலுள்ள இலைகளையே கவனிக்க வேண்டும்.

அடி இலைகள் முழுவதும் ஒரே சீராக வெளுத்து, நுனிக் குருத்து பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறைவு. செடி பழைய இலையிலுள்ள சத்தை எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கிறது. அடி இலையில் நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியம் குறைவு. இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமானால் மணிச்சத்துக் குறைவு.

அடி இலை நன்றாக இருந்து, குருத்திலை மட்டும் வெளுத்து, நரம்புகள் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. இரும்பைச் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்கு அனுப்ப முடியாது. மல்லிகை பயிரிடுவோர் இந்த வெளிர் மஞ்சளை நன்கு அறிவார்கள். மல்லிகைக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்துத் தெளிப்பது வழக்கம். பிஞ்சு நாற்றுக்கு அந்த அளவு காரம். லிட்டருக்கு 2 கிராம் அன்னபேதியுடன், எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலம் 1 கிராம் சேர்த்து, மாலையில் ஒரு தட்டுக்கு மட்டும் தெளித்துப் பார்க்கலாம்.

ஆனால் நார்க்கழிவில் இரும்பு இருந்தும் வேர் எடுக்க முடியாத நிலை உண்டு. தண்ணீரின் கார அமில நிலை 8-ஐத் தாண்டினால் இரும்பு வேருக்குக் கிடைக்காத வடிவத்தில் கட்டுண்டுவிடும். அப்போது அன்னபேதி தெளிப்பது தற்காலிக உதவிதான்.

இலையின் நுனியும் ஓரமும் தீய்ந்தது போல் பழுப்பாகி, குழியின் மேற்பரப்பில் வெள்ளைப் பூப்புப் படர்ந்திருந்தால் அது சத்துக் குறைவே அல்ல. அது உப்பு. இந்த வட்டாரத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியதும் இதைத்தான்.

கிணற்று நீரின் குணம்

ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து சேர்த்த மணற்படுகையில்தான் மீஞ்சூர், பொன்னேரிப் பகுதியின் நிலத்தடி நீர் இருக்கிறது. 1960-களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு இங்கு ஆய்வு நடந்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் கிணறுகள் தோண்டி நீர் எடுக்கப்பட்டது. பாசனத்துக்கும் சென்னையின் தேவைக்கும் தொழிற்சாலைகளுக்கும் நீர் இறைக்க இறைக்க, கடற்கரைப் பக்கத்திலிருந்து உப்புநீர் உள்ளே நகர்ந்தது. 1969-இல் மீஞ்சூர்ப் பக்கம் கடலிலிருந்து 3 கி.மீ. அளவில் இருந்த இந்த ஊடுருவல், பின்வந்த ஆண்டுகளில் அதைப்போல் பல மடங்கு தூரம் சென்றது. நீர் மட்டத்தை உயர்த்த ஆறுகளின் குறுக்கே தடுப்பணைகள் கட்டப்பட்டுள்ளன.

ஆகவே ஒரே ஊரில் ஒரு கிணறு இனிக்கும், அடுத்த கிணறு கரிக்கும். கார்த்திகையில் இனித்த கிணறு வைகாசியில் கரிக்கலாம். வாயில் ஊற்றிப் பார்த்து முடிவு செய்வதும் சரியல்ல. மனிதர் குடிக்கும் அளவுக்குள்ள நீரிலும் பிஞ்சு நாற்று கருகலாம்.

நீரைப் பரிசோதிக்கக் கொடுப்பது எளிது. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரில் இரண்டு மூன்று முறை கழுவிய சுத்தமான பிளாஸ்டிக் குப்பியில் அரை லிட்டர் பிடித்து, கிணற்றின் விவரம், தேதி எழுதி ஒட்ட வேண்டும். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ, திரூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரித்துக் கொடுக்கலாம். மழைக்குப் பின் ஒரு முறை, கோடையில் ஒரு முறை எனப் பார்ப்பது நல்லது.

அறிக்கையில் ‘மின்கடத்தும் திறன்’ என்ற வரியைப் பார்க்க வேண்டும். 0.75-க்குக் கீழே இருந்தால் நாற்றுக்குக் கவலையில்லை. 0.75 முதல் 2.25 வரை இருந்தால் எச்சரிக்கையுடன் பயன்படுத்த வேண்டும். அதற்கு மேல் போனால் அந்த நீர் நாற்றங்காலுக்கு ஆகாது. சில நிலையங்கள் இதையே ஆயிரத்தால் பெருக்கி 750, 2250 என்று எழுதித் தரும். இரண்டும் ஒன்றுதான்.

உப்புக் கிணறுதான் கதி என்றாலும் வழி இருக்கிறது. நாற்றங்காலுக்கு வேண்டிய நீர் வயலுக்கு வேண்டிய நீரைப்போல் அதிகம் அல்ல. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைக்கலாம். ஏரி நீரோ குளத்து நீரோ கலக்கலாம். 3 அளவுள்ள கிணற்று நீர் ஒரு குடமும், 0.5 அளவுள்ள ஏரி நீர் ஒரு குடமும் கலந்தால் ஏறத்தாழ 1.75 ஆகும். ஒன்றுக்கு மூன்று குடம் ஏரி நீர் கலந்தால் 1.1 அளவுக்கு இறங்கிவிடும்.

உரமும் உப்புதான் என்பதை மறக்கக் கூடாது. விதைத்த 18-ஆம் நாள் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து ஊற்றுவது பொதுப் பரிந்துரை. கரிக்கும் நீரில் அதே அளவைக் கரைத்தால் உப்பு மேல் உப்பாகும். அளவைப் பாதியாக்கி, ஒரு வாரம் விட்டு மீண்டும் கொடுப்பது பாதுகாப்பு. ஓரம் தீய்ந்த நாற்றுக்கு உரம் கொடுக்கவே கூடாது. நல்ல நீரைத் தாராளமாக ஊற்றி, அடித்துளை வழியாக உப்பு வெளியேறும்படி கழுவிவிட வேண்டும்.

நார்க்கழிவையும் சந்தேகியுங்கள்

கயிறு ஆலையிலிருந்து நேராக வாங்கிவந்த பச்சை நார்க்கழிவில் உப்பும் துவர்ப்புச் சத்தும் மிகுந்திருக்கும். அதை அப்படியே தட்டில் நிரப்பினால் வேர் இறங்காது. நல்ல நீரில் ஊறவைத்து, வடித்து, வடிநீர் தேயிலைச் சாயம் போல் வருவது குறையும்வரை இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். மக்கிய நார்க்கழிவு இன்னும் நல்லது. ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காத்து மக்க வைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது.

ஈரம் இருந்தும் வாடினால்

நார்க்கழிவு ஈரமாக இருக்கும்போதே நாற்று தலை தொங்கினால், தாகம் என்று எண்ணி மேலும் ஊற்றிவிடக் கூடாது. ஒரு நாற்றைக் குழியோடு மெல்ல எடுத்து வேரைப் பார்க்க வேண்டும். வெள்ளை வேராக இருந்தால் நலம். பழுப்பேறி, வாடை அடித்து, தொட்டால் தோல் உரிந்து வந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகிவிட்டது என்று பொருள். மேலே பச்சைப் பாசி படர்வதும், சிறு கருநிற ஈக்கள் பறப்பதும் நீர் மிகுதிக்கு அடையாளம்.

தண்டு அடியில் நூலாக இளைத்து நாற்று சாய்ந்தால் அது நாற்றழுகல். வடகிழக்குப் பருவமழை நாட்களில் ஒரு மூலையில் தொடங்கி ஓரிரு நாட்களில் தட்டு முழுதும் பரவும். விதைப்பதற்கு 24 மணி நேரம் முன் ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம் கலந்து வைப்பது முன்காப்பு. நோய் கண்ட பின் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து வேர் நனைய ஊற்றலாம். சாய்ந்த நாற்று எழாது. மற்றவற்றைக் காக்கத்தான் மருந்து.

இதில் ஷிப்ட் வேலைக்காரர் வீட்டுக் குடிலுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. வேலை முடிந்து வந்து இரவு எட்டு மணிக்குப் பூவாளி எடுப்பது சௌகரியம்தான். ஆனால் விடிய விடிய இலையும் தண்டும் நனைந்திருந்தால் பூஞ்சாணத்துக்குக் கொண்டாட்டம். காலையில் ஊற்றுவதே சிறந்தது. வெயில் நாளில் இரண்டாம் முறை தேவைப்பட்டால், இருட்டுமுன் இலை உலரும் நேரத்தில் ஊற்ற வேண்டும்.

நாற்று வெளுத்து, ஒல்லியாக உயர்ந்து, ஒருபக்கம் சாய்ந்தால் அது வெளிச்சக் குறைவு. முளைக்கும்வரை தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி மூடி வைப்பது முறை. முளை கண்டதும் பிரித்துப் பரப்பாமல் ஒரு நாள் தாமதித்தாலும் இப்படி ஆகும்.

இலை மேலே சுருளுமா, கீழே சுருளுமா?

மிளகாயில் இலை ஓரங்கள் மேல்நோக்கிப் படகு போல் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் சிலந்திப்பேன். இரண்டும் கண்ணுக்கு எளிதில் தெரியாது. இலையை வெள்ளைத் தாளின்மேல் தட்டிக் கைக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். இலைப்பேனுக்கு விற்கும் மருந்து பெரும்பாலும் சிலந்திப்பேனைக் கட்டுப்படுத்தாது. ஆகவே எது என்று தெரியாமல் வாங்குவது பணவிரயம்.

வெள்ளை ஈ முடக்கு நோயைப் பரப்பும். குடிலில் மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிட்டால் வரவு தெரியும். முடங்கி, மஞ்சள் கண்டு, வளர்ச்சி நின்ற நாற்றுக்கு மருந்தே கிடையாது. பிடுங்கி எரிக்கவோ புதைக்கவோ வேண்டும்.

புகை மேல் பழி போடுமுன்

தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் நாற்று வெளுத்ததும் ஆலைப் புகை என்று முடிவு கட்டுவோர் உண்டு. ஈரத் துணியால் ஓர் இலையைத் துடைத்துப் பார்த்தால் பாதி உண்மை தெரிந்துவிடும். அடியில் பச்சை இருந்தால் படிந்தது தூசி. வலையையும் கழுவ வேண்டும், ஏனெனில் தூசி அடைத்த வலை வெளிச்சத்தைக் குறைக்கும். துடைத்தும் மஞ்சள் மாறாவிட்டால் தண்ணீரையும் வேரையும் பார்க்க வேண்டும். கிணற்று நீரில் நிறமோ வாடையோ மாறியிருந்தால் அதை நாற்றுக்கு ஊற்றுவதை நிறுத்தி, உடனே பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சந்தேகம் உண்மையானால் முறையிடவும் அந்த அறிக்கையே கையில் இருக்கும் ஆதாரம்.

நான்கு தட்டுச் சோதனை

காரணம் பிடிபடாதபோது, நோய் கண்ட தட்டுகளில் நான்கை மட்டும் தனியே எடுத்து வைக்க வேண்டும். ஒன்றை மழைநீரில் கழுவி மழைநீரே ஊற்றுவது. இரண்டாவதற்குக் கிணற்று நீரைப் பாதியாகக் குறைப்பது. மூன்றாவதற்குச் சத்துக் கரைசல் தெளிப்பது. நான்காவதை வழக்கம்போல் விடுவது. ஒரு தட்டில் ஒரே மாற்றம்தான் செய்ய வேண்டும். ஐந்தாறு நாள் கழித்துப் புதிதாக வரும் குருத்தைப் பார்த்தால் எந்தத் தட்டு தேறுகிறது என்று தெரியும். கருகிய பழைய இலை மறுபடி பச்சையாகாது. குருத்தே சாட்சி.

மொத்தத்தையும் காப்பாற்றிவிட வேண்டும் என்ற ஆசையில் முடங்கிய நாற்றையும் வேரழுகிய நாற்றையும் வயலுக்குக் கொண்டுபோவது பெரிய நஷ்டம். பத்துத் தட்டு குப்பைக்குழிக்குப் போனால் அதற்கு ஈடாக மறுநாளே பத்துத் தட்டு விதைக்கலாம். அந்த நோய் வயலுக்குப் போனால் தன் ஏக்கரோடு பக்கத்து வயலும் போகும். விதை வாங்கும் முன்பே கிணற்று நீரை ஒரு குப்பியில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடும் விவசாயிக்கு இந்தத் தொல்லையில் பாதி வராது.