கேட்கப்படாதோர்: நுகர்வோர் கணிப்பும் உடற்பயிற்சிச் செயலியும்

திருகோணமலைப் பிரதான வீதியிற் கடை வைத்திருக்கும் வணிகன் தன் வாடிக்கையாளரை அறிவதற்குத் தனி ஆராய்ச்சி எதுவும் செய்வதில்லை. கூலி பெறும் நாளில் வருபவர் யார், கடனுக்கு வாங்குபவர் யார், நீரிழிவு நோயாளி இருத்தலாற் சீனி குறைவாகச் செல்லும் வீடு எது என்பனவெல்லாம் அவன் மனத்திற் பதிந்திருக்கும். கைத்தொலைபேசிச் செயலியை விற்பவனின் நிலை வேறு. அவனுடைய பொருளைப் பெறுவோர் அவன் கண்ணிற் படுவதேயில்லை. முகம் இல்லாத இடத்தில் வினா நிற்கிறது. நுகர்வோர் கணிப்பு என்பது, காணமுடியாத வாடிக்கையாளரை வினாக்கொத்தின் வழியாகக் காண முயலும் முயற்சியே எனலாம்.

உடற்பயிற்சிச் செயலியாவது நடந்த அடிகளை எண்ணியும், உண்ட உணவைக் குறித்தும், பயிற்சி முறைகளைக் காட்டியும் உடல்நலம் பேண உதவும் மென்பொருள். 2012இற் பெங்களூரில் தோன்றிய ஹெல்திஃபைமீ இவ்வகையிற் பலரும் அறிந்தவொன்று. இத்தகைய செயலியை ஒரு புதிய மாவட்டத்திற் பரப்ப விரும்பும் நிறுவனம் சில முடிவுகளை எடுத்தாகவேண்டும். யாரை நோக்கி விளம்பரம் செய்வது? எந்த மொழியிற் பேசுவது? மாதக் கட்டணம் எவ்வளவு? கட்டுடலை வாக்களிப்பதா, நீரிழிவிலிருந்து காப்பை வாக்களிப்பதா? இவற்றுக்கெல்லாம் விடை தரும் கருவியாகவே கணிப்புத் தரவு இன்று கொள்ளப்படுகின்றது. அக்கருவி எங்கே பிழைக்கும் என்பதைத் திருகோணமலை மாவட்டத்தை முன்வைத்து நோக்குதல் பொருத்தமுடைத்து. ஏனெனில், கணிப்புகளில் விடுபட்டுப்போதல் எத்தகையது என்பதை இம்மாவட்டம் தன் அனுபவத்தாலேயே அறியும்.

1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இம்மாவட்டத்து மக்கள் 255,948 பேர். அதன்பின் முழுமையான கணக்கெடுப்பு நிகழ்ந்தது 2012இலேயே. அப்போது தொகை 379,541 ஆயிருந்தது. இடையில் 2001இல் நடந்த மதிப்பீடு போர்ச் சூழலால் இங்கு முற்றுப்பெறவில்லை. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான, செலவின ஆய்வோ 2002இல் வடக்குக் கிழக்கு முழுவதையும் விட்டது. 2006/07இல் வட மாகாணத்தோடு திருகோணமலை மாவட்டத்தையும் விட்டது. அவ்வாண்டுகளில் நாட்டின் வறுமை வீதம் இவ்வளவு எனவும், ஒரு குடும்பத்தின் சராசரிச் செலவு இவ்வளவு எனவும் அச்சாகிய எண்களில் மூதூரின் உழவரும் கிண்ணியாவின் மீனவரும் இடம்பெறவில்லை. அவர்கள் செலவு செய்யாமல் இருந்தாரல்லர், கேட்கப்படாமல் இருந்தனர். கேட்கப்படாதவருடைய தேவை எந்தத் திட்டத்திலும் ஏறுவதில்லை.

போர் விடுத்த வெற்றிடத்தைப் போன்றதொன்றைச் செயலி நிறுவனங்கள் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. வினாக்கொத்தைச் செயலியின் உள்ளேயே வைத்து, அதனைப் பயன்படுத்துவோரிடம் மட்டும் விடை கேட்பதே எளிதும் மலிவுமான வழி. அவ்வாறு கேட்டால் விடை இனிமையாகவே வரும். பயனில்லையென நீக்கியவர் அங்கே இல்லை; மொழி புரியாமல் முதல் நாளே கைவிட்டவரும் இல்லை. எஞ்சியிருப்போர் பாராட்டுவதில் வியப்பென்ன?

இரண்டாம் உலகப் போர் இத்துறைமுகத்தையும் தொட்டது. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இதனைத் தாக்கின. அதே போர்க்காலத்தில், கொலம்பியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த புள்ளியியல் ஆராய்ச்சிக் குழுவிற் பணியாற்றிய ஏபிரகாம் வால்ட் என்னும் கணித அறிஞர், மீண்டு வந்த விமானங்களின் காயங்களைக் கொண்டு, மீளாதவை எவ்வாறு வீழ்ந்திருக்கும் என மதிப்பிடும் வழியை 1943இல் வகுத்தார். மீண்டவற்றில் எவ்விடத்துக் காயம் அரிதாய் உள்ளதோ அவ்விடமே அபாயமானது. ஆங்கு அடிபட்டவை திரும்பி வரவில்லை என்பது அவ்வாராய்ச்சியின் சாரம். செயலியைக் கைவிட்டவர்கள் மீளாத விமானங்கள் போன்றவர். அவர்களைத் தேடிச் சென்று கேட்பதே முதற் கடமை.

எண்ணிக்கை பெருகினால் இக்குறை தீரும் என எண்ணுதல் தவறு. 1936ஆம் ஆண்டு அமெரிக்கச் சனாதிபதித் தேர்தலின்போது லிற்றறி டைஜெஸ்ற் என்னும் சஞ்சிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அட்டைகளை அனுப்பி, இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகளைப் பெற்று, லாண்டன் வெல்வார் எனக் கூறிற்று. வென்றவர் ரூஸ்வெல்ற், நாற்பத்தெட்டு மாநிலங்களில் நாற்பத்தாறு அவர் பக்கம் நின்றன. தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோரின் பட்டியல்களிலிருந்து பெரும்பாலான பெயர்கள் எடுக்கப்பட்டிருந்தன. விடையனுப்பியோரும் ஒரு சாராராகவே அமைந்துவிட்டனர். மாறாக, எழுமாற்றாகத் தெரிந்த 400 பேரே விடை தந்தாலும், பிழை இருபுறமும் நூற்றுக்கு ஐந்து என்னும் அளவுக்குள் அடங்குவதே பெரும்பான்மை. அதனைப் பாதியாக்க 1600 பேர் வேண்டும். கேட்போர் தொகை பெரிதோ சிறிதோ என்பதைவிட, அவர்கள் எவ்வாறு தெரியப்பட்டனர் என்பதே முதன்மையானது.

இம்மாவட்டத்தில் அத்தெரிவு எளிதன்று. 2012இன் கணக்குப்படி மக்களில் ஐந்தில் இரு பங்கினர் முஸ்லிம்கள். நூற்றுக்கு முப்பதின் அளவினர் தமிழர். காற்பங்குக்குச் சற்று மேற்பட்டோர் சிங்களவர். நகரமும், சீனன்குடாவின் ஆலைகளும், தம்பலகாமத்து வயல்களும், குச்சவெளியின் கடற்கரையும் ஒரே வாழ்க்கையை உடையன அல்ல. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். ஒரு கணிப்பில் 400 பேர் விடை தருகின்றனர். அவருள் 300 பேர் நகரத்தார், 100 பேர் பிற பகுதியினர். செயலி வேண்டும் என்போர் நகரத்தாரில் 180, ஏனையோரில் 20. கூட்டினால் 200, அதாவது நூற்றுக்கு ஐம்பது. ஆயின் மாவட்ட மக்களில் நகரத்தார் காற்பங்கினரே எனக் கொண்டு விடைகளை நிறைப்படுத்தினால், நகரத்தாரின் அறுபது வீதத்திற் காற்பங்கும் பிறரின் இருபது வீதத்தில் முக்காற்பங்கும் சேர்ந்து நூற்றுக்கு முப்பதே வரும். விளம்பரத்துக்கு ஒதுக்கும் பணம் முதலெண்ணை நம்பி ஒதுக்கப்பட்டிருப்பின், அதிற் பெரும்பகுதி கடலிற் கொட்டியதற்கு ஒப்பாகும். நிறைப்படுத்தலும் முழு மருந்தன்று. அந்த நூறு பேரும் கடைத்தெருவில் நின்ற இளைஞரேயாயின், எக்கணக்கும் அவரைக் கிராமத்துத் தாய்மாராக மாற்றிவிடாது.

யாரைக் கேட்பது என்பதோடு, என்ன கேட்பது என்பதும் உண்டு. சுகாதார அமைச்சு உலக சுகாதார நிறுவனத்தின் முறையைத் தழுவி 18 முதல் 69 வயதுடையோரிடையே நடத்திய 2015ஆம் ஆண்டு ஆய்வில், போதிய உடலியக்கம் இல்லாதோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 30.4 எனக் காணப்பட்டது, ஆண்களில் 22.5, பெண்களில் 38.4. வாரம் 150 நிமிடம் மிதமான இயக்கம் என்பதே பொதுவாகக் கூறப்படும் அளவு. இவ்வெண்களைக் கண்ட விற்பனையாளன், பெண்களே தன் சந்தை என உடனே துணிவான். அத்துணிவு அவசரமானது. அவ்வாய்வு தொழிலின்போது நிகழும் இயக்கத்தையும், போக்குவரத்தில் நிகழ்வதையும், ஓய்வுநேர இயக்கத்தையும் வேறுவேறாகக் கேட்டுச் சேர்த்தது. செயலி நிறுவனத்தின் வினாவோ பெரும்பாலும் "நீங்கள் உடற்பயிற்சி செய்கிறீர்களா?" என்றே இருக்கும். விடியலிற் கரைவலை இழுத்து மணலில் வியர்த்து நிற்கும் மீனவர் அதற்கு "இல்லை" என்பார். அவருக்கு உடற்பயிற்சி என்பது பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நின்று கை தூக்குவது. கோணேசர் கோயிலுக்கு நாள்தோறும் கோட்டை வழியாக ஏறிச்செல்லும் மூதாட்டியும் "இல்லை" என்றே சொல்வார். அவர் செய்வது வழிபாடு. இவ்விருவரையும் சோம்பியிருப்போர் பட்டியலிற் சேர்த்து அவர்களுக்கு நடைப்பயிற்சியை விற்க முனைவது நகைப்புக்குரியது. ஆனால், அந்த மூதாட்டியின் நடையைப் பயிற்சியென மதித்து, எத்தனை அடி ஏறினார் என மாலையில் தமிழிற் சொல்லும் செயலிக்கு அவர் வீட்டில் இடம் கிடைத்தல் கூடும். இதனை எண் சொல்லாது. வினாவைத் திருத்தி அமைத்தவனுக்கே இது புலப்படும். பெண்களின் 38.4க்குள்ளும் இவ்வாறே பல காரணங்கள் ஒளிந்துள்ளன. நேரமின்மையா, நடக்க ஏற்ற இடமின்மையா, ஊரார் கண்ணுக்கு அஞ்சுதலா? முதலாவதற்குப் பத்து நிமிடப் பயிற்சி விடையாகலாம். மூன்றாவதற்கு வீட்டினுள் செய்யும் பயிற்சி விடையாகலாம். இரண்டாவதற்குச் செயலியிடம் விடையே இல்லை, அது நகரசபையின் வேலை.

சொல்லும் செயலும் ஒன்றாக இருப்பதுமில்லை. அமெரிக்காவில் 2003, 2004ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய ஆய்விற் பங்குகொண்டோரின் உடலில் இயக்கத்தை அளக்கும் சிறு கருவி பொருத்தப்பட்டபோது, வளர்ந்தோரில் நூற்றுக்கு ஐவர்க்கும் குறைந்தோரே விதித்த அளவை எட்டியதாகத் தெரிந்தது. தம் வாயாற் கூறியவாறு எட்டியோரோ அதனினும் பன்மடங்கினர். பொய்யுரைத்தனர் என்பதற்கில்லை, மனிதன் தன்னைப் பற்றி நினைக்கையிற் சற்றே ஓடிக்கொண்டிருப்பவனாகவே நினைக்கிறான் போலும். விலை பற்றிய வினாவும் இத்தகையதே. "மாதம் இவ்வளவு தருவீர்களா?" எனக் கேட்டால், எதிரில் நிற்பவரை மகிழ்விக்க "ஆம்" என்பது நம்மவர் பண்பாடு. வங்கி அட்டையால் ஆண்டுக் கட்டணம் செலுத்துவது வேறு. கடையிற் சிறு தொகைக்கு ரீலோட் செய்துகொள்ளும் குடும்பத்தின் கணக்கு வேறு. ஆதலின் விலையை வினாவால் அறிவதினும், ஒத்த இரு குழுக்களை எழுமாற்றாகப் பிரித்து, ஒன்றுக்கு ஒரு விலையும் மற்றதற்கு வேறு விலையும் கூறி, உண்மையில் வாங்கியோரை எண்ணுதலே தக்கது. வேளாண்மைப் பரிசோதனைகளுக்கு ஆர். ஏ. ஃபிஷர் வகுத்த நெறியே இங்கும் பயன்படுகின்றது.

உடல் எடை, நோய், மருந்து என்பன பற்றிய விடைகள் விற்பனைச் சரக்கல்ல என்பதையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவுகளைத் தனிக் காப்புக்குரிய வகையில் வைத்துள்ளது.

இறுதியாக, கேட்பவர் யார்? 1937 தொடக்கம் 1944 வரையான காலத்திற் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியற் கழகம் பி. சி. மகலனோபிஸ் தலைமையில் மாதிரி ஆய்வுகளை வளர்த்தது. சணற் பயிரின் பரப்பு முதலாக மக்கள் தேநீர் அருந்தும் வழக்கம் ஈறாகப் பலவும் அவற்றில் ஆராயப்பட்டன. ஒரே பகுதிக்கு ஒன்றையொன்று சாராத இரு மாதிரிகளை அமைத்து, வெவ்வேறு குழுவினரைக் கொண்டு கேட்பித்து, இரு விடைகளையும் ஒப்புநோக்கும் முறையை அவர் கைக்கொண்டார். இம்மாவட்டத்திற்கு அம்முறை மிகவும் ஏற்றது. கிண்ணியாவில் ஒரு குழுவாக அவ்வூர்ப் பெண்களும் மறுகுழுவாகக் கொழும்பிலிருந்து வந்த ஆடவரும் அதே வினாக்கொத்தோடு வீடுவீடாகச் செல்லட்டும். இரு குழுவினரும் கொணரும் எண்கள் ஒத்திருந்தால் அவற்றை நம்பி விளம்பரம் செய்யலாம். பெரிதும் வேறுபட்டால், அவ்வேறுபாடு கிண்ணியாப் பெண்களுடையது அன்று. படலையில் நின்று கேட்டவருடையது. ஒரே வேலையை இருமுறை செய்வதென இதற்காகும் செலவை நிறுவனங்கள் முதலில் வெட்டிவிடக்கூடும்; வெட்டியபின் கையில் எஞ்சுவது ஓர் எண், அதனைச் சரிபார்க்க மற்றோர் எண் இல்லை.