ஆற்று மணலில் ஓர் இரும்பு மீன்!



தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்கே பீரங்கிமேடு என்று ஓர் இடம் உண்டு. படியேறிப் போனால், ஒரு பெரிய இரும்புப் பீரங்கி கிழக்கே வாய் வைத்துக் கிடப்பதைக் காணலாம். ராஜகோபால பீரங்கி என்பது அதன் பெயர். ரகுநாத நாயக்கர் காலத்தைச் சேர்ந்தது என்பார்கள். நீளம் சுமார் 25 அடி. எடை சுமார் 22 டன்! இதை அச்சில் வார்க்கவில்லை. இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, பழுக்கக் காய்ச்சிய வளையங்களை மேலே மாட்டி, அடித்துச் சேர்த்திருக்கிறார்கள். நம் ஊர்க் கொல்லர்களின் திறமையைப் பாருங்கள்!

அவ்வளவு பெரிய பீரங்கியின் பக்கத்தில் நாம் பயமில்லாமல் நிற்கலாம். அது வெறும் குழாய். ஆனால், உங்கள் முழங்கை நீளம்கூட இல்லாத ஒரு துருப்பிடித்த இரும்பு, ஊரையே நடுங்க வைத்துவிடும். அதைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில், திருச்சிக்கு மேற்கே அந்தநல்லூரில், காவிரிக் கரையில் ராணுவத்தினர் பயன்படுத்தும் ராக்கெட் வெடிபொருள் ஒன்று கிடந்தது. காவல் துறையினர் அதை ராணுவத்தினரிடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் அதைப் பாதுகாப்பாக வெடிக்கச் செய்து அழித்தார்கள். அதே காவிரிதானே கல்லணை தாண்டி நம் வயலுக்கும் வருகிறது? கோடையில் ஆறு வறண்டால் நீங்கள் மணலில்தானே கிரிக்கெட் ஆடுகிறீர்கள்? அதனால்தான் இந்தப் பாடம் நமக்கும் வேண்டும்.

நான் செய்த தவறு

இப்போது ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கிராமப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வாய்க்கால் தூர்வாரியபோது கிடைத்ததாகச் சொல்லி ஒரு மாணவன் ஒரு பொருளைக் கொண்டு வந்தான். கெண்டை மீன் மாதிரி உடம்பு. வால் பக்கம் இறக்கைபோல் சின்னச் சின்னத் தகடுகள். "பம்பு செட்டு சாமான் போலிருக்கு டீச்சர்" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். சேற்றைக் கழுவச் சொல்லி, என் மேசை மேல் வைத்துக்கொண்டேன். காற்றில் தாள்கள் பறக்காமல் இருக்க, இரண்டு நாள் அதுதான் பாரம்!

மூன்றாம் நாள், பேரனை அழைத்துப் போக ஒரு பெரியவர் வந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மேசையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். குரலை உயர்த்தாமல், "டீச்சர், கையை எடுங்க. அதை ஆட்டாதீங்க. பிள்ளைகளை ஓடாம, வரிசையா வெளியே அனுப்புங்க" என்றார்.

38 குழந்தைகளும் தெருமுனை ஆலமரம் வரை வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. காவல் நிலையத்துக்கு ஆள் போனது. மறுநாள் நிபுணர்கள் வந்து மணல் மூட்டைகளுக்கு நடுவே வைத்து எடுத்துப் போனார்கள். தரிசு நிலத்தில் குழி தோண்டி அதை வெடிக்க வைத்தார்கள். அந்தச் சத்தம் பள்ளிக்கூடம் வரை கேட்டது. இன்றுவரை என் காதில் இருக்கிறது.

எனக்கு அது என்னவென்று தெரியவில்லை. தெரியாததைத் தொட்டது என் தவறு. நீங்கள் அந்தத் தவறைச் செய்யக் கூடாது.

எது எப்படி இருக்கும்?

மோர்ட்டார் குண்டு: என் மேசையில் இருந்தது இதுதான். மோர்ட்டார் என்ற சொல்லுக்கு உரல் என்று பொருள். பழங்காலத்து மோர்ட்டார் உரல் மாதிரி குட்டையாக, வாய் அகன்று இருந்ததால் அந்தப் பெயர். இப்போது அது வானத்தைப் பார்த்து நிமிர்த்தி வைத்த ஒரு குழாய். வாய் வழியாகக் குண்டைப் போட்டால், அது வழுக்கிப் போய் அடியில் உள்ள ஊசியில் மோதும். குண்டின் வால் பக்க மருந்து பற்றிக்கொண்டு அதை மேலே தள்ளும். உயரே போய், குன்றுக்கு அந்தப் பக்கத்தில்கூடச் செங்குத்தாக விழும். 81 மில்லிமீட்டர் மோர்ட்டார் குண்டு சுமார் 5 கிலோமீட்டர் வரை போகும். மீன் போன்ற உடம்பு, வாலில் இறக்கைத் தகடுகள் - இதுதான் அடையாளம்.

பீரங்கிக் குண்டு: உருளை வடிவம், கூரான தலை. வாலில் இறக்கை பெரும்பாலும் இருக்காது. அடிப்பக்கம் செம்பு நிறத்தில் ஒரு பட்டை இருக்கலாம். பீரங்கிக் குழாயின் உட்புறத்தில் உள்ள சுருள் பள்ளங்களை அந்தப் பட்டை பிடித்துக்கொள்ளும். அதனால் குண்டு பம்பரம்போலச் சுழன்று நேராகப் போகும்.

ராக்கெட் குண்டு: நீண்ட தண்டு, தடித்த தலை, வாலில் இறக்கை. தண்டுக்குள் எரிபொருளும் தலைக்குள் வெடிமருந்தும் இருக்கும்.

கையெறி குண்டு: கொய்யாப்பழம் அளவு. மேலே ஒரு வளையமும் பக்கவாட்டில் ஒரு நெம்புகோலும் இருக்கும்.

கண்ணிவெடி: தட்டையான டப்பா போல இருக்கும். பல கண்ணிவெடிகள் பிளாஸ்டிக்கால் ஆனவை. மண்ணுக்குள் புதைந்திருப்பதால் கண்ணில் படுவதே அரிது.

பழங்காலத்து இரும்பு உருண்டை: இது வெறும் இரும்புதானே என்று நினைக்கிறீர்களா? கெட்டி உருண்டைகளும் உண்டு. உள்ளே குடைந்து கருமருந்து அடைத்த உருண்டைகளும் உண்டு. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாமல் போகலாம்!

துருவும் மண்ணும் படிந்தால் உருவம் மாறிவிடும். பெயிண்ட் உதிர்ந்துவிடும். பாதி உடைந்தும் கிடக்கலாம். ஆகவே, இந்த அடையாளங்கள் எடுத்துப் பார்ப்பதற்கு அல்ல, எடுக்காமல் இருப்பதற்கு!

நமுத்த வெடி அல்ல!

தீபாவளியன்று நனைந்த பட்டாசு வெடிக்காது. அதில் உள்ள உப்பு ஈரத்தில் கரைந்துவிடும். "நமுத்துப் போச்சு" என்று தூக்கிப் போடுகிறோம். ஆற்றில் கிடந்த குண்டும் அப்படித்தான் என்று பெரியவர்கள்கூட நினைக்கிறார்கள். அது தவறு. டி.என்.டி. போன்ற ராணுவ வெடிமருந்து தண்ணீரில் கரைவது மிக மிகக் குறைவு. பல பத்தாண்டுகள் ஆனாலும் அதன் சக்தி போகாது.

பிறகு ஏன் அது விழுந்தபோதே வெடிக்கவில்லை? குண்டு வெடிக்க, அதன் திரி அமைப்பு தூண்டிவிட வேண்டும். பெரும்பாலும் அது மூக்கில் இருக்கும். சேற்றிலோ தண்ணீரிலோ விழுந்தால் போதுமான அதிர்ச்சி கிடைக்காமல் போகலாம். திரி பழுதாகவும் இருக்கலாம். அப்போது குண்டு பாதி வேலையோடு நின்றுவிடும். மீதி வேலையை முடிக்க ஒரு தட்டு, ஒரு உருட்டு, ஒரு சூடு போதும். துரு ஏறினால் நிலைமை இன்னும் மோசம். வெடித்தால் இரும்புச் சில்லுகள் நூற்றுக்கணக்கான மீட்டர் பறக்கும். புகைக் குண்டு சிலவற்றில் வெண்பாஸ்பரஸ் இருக்கும். அது காற்றுப் பட்டாலே எரியத் தொடங்கிவிடும்!

எம்டன் வந்த இரவு

கெட்டிக்காரனை "சரியான எம்டன்" என்கிறோம் அல்லவா? அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். முதல் உலகப் போர் தொடங்கிய வருடம், 1914 செப்டம்பர் 22 இரவு, அது சென்னைக் கடற்கரைக்கு வந்து சுமார் 130 குண்டுகளை வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. எல்லாக் குண்டுகளும் வெடிக்கவில்லை. எங்கே போர் நடந்தாலும் இப்படித்தான். வெடிக்காத குண்டுகள் மிச்சம் விழும்.

போர் நடக்காத ஊருக்கும் அவை வரலாம். "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்!" என்ற குரல் கேட்டால் வீட்டில் உள்ள தகரத்தை எல்லாம் தேடுவோம். 2004ஆம் ஆண்டு செப்டம்பரில் தில்லி அருகே காசியாபாத்தில் ஓர் உருக்கு ஆலையில், வெளிநாட்டில் இருந்து வந்த பழைய இரும்போடு கலந்திருந்த குண்டுகள் வெடித்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகு, பழைய இரும்பு இறக்குமதிக்குச் சோதனைச் சான்று கட்டாயம் ஆயிற்று. எடைக்குப் போட எடுத்த இரும்பு, உயிருக்கு உலையாகலாம்.

கடலுக்கு அந்தப் பக்கம்

கோடியக்கரையில் நின்று தெற்கே பாருங்கள். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணம். அங்கேயும் நம்மைப்போல் தமிழ் பேசும் குழந்தைகள். இலங்கையில் போர் 2009ஆம் ஆண்டு முடிந்தது. ஆனால், மண்ணுக்குள் போர் முடியவில்லை. புதைத்த மிதிவெடிகளும் வெடிக்காத குண்டுகளும் வயலிலும் பனந்தோப்பிலும் கிடந்தன. வீடு திரும்பிய மக்கள் தங்கள் நிலத்திலேயே கால் வைக்கப் பயந்தார்கள். மண்டை ஓடு வரைந்த சிவப்புப் பலகை இருந்தால் உள்ளே போகக் கூடாது என்று பள்ளிகளில் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கண்ணிவெடி அகற்றும் வேலையில் பெண்களும் இருக்கிறார்கள். முகத்துக்குக் கவசம் போட்டு, வெயிலில் மண்டியிட்டு, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கித் தேடுகிறார்கள். நாம் ஒரு நாளில் நாற்று நட்டு முடிக்கும் வயலை, அவர்கள் சுத்தம் செய்யப் பல வாரங்கள் ஆகலாம். ஏப்ரல் 4ஆம் தேதியைக் கண்ணிவெடி விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருப்பது இதனால்தான்.

என்ன செய்ய வேண்டும்?

1. நில்! சந்தேகமான பொருளைக் கண்டால் அங்கேயே நில்லுங்கள்.

2. தொடாதே! உதைக்காதே, கல் எறியாதே, கழுவாதே, காந்தம் வைத்துப் பார்க்காதே. தீயில் போடவே போடாதே.

3. திரும்பு! வந்த வழியிலேயே திரும்புங்கள். கூட இருக்கும் தம்பி தங்கையையும் அழைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள்.

4. சொல்! நன்றாகத் தள்ளி வந்த பிறகு பெரியவர்களிடம் சொல்லுங்கள். 100 அல்லது 112க்குத் தொலைபேசியில் சொல்லச் சொல்லுங்கள். "எந்த மரத்தடி, எந்த மதகு" என்று அடையாளம் நினைவிருக்கட்டும்.

துப்பாக்கிப் பயிற்சித் தளம் பக்கம் சிவப்புக் கொடி பறந்தால், அங்கே ஆடு ஓட்டிக்கொண்டும் போகக் கூடாது. அங்கே கிடக்கும் தோட்டா உறைகளைப் பொறுக்கவும் கூடாது.

"பொய் சொல்கிறாயா?" என்று யாராவது கேட்பார்களோ என்று தயங்க வேண்டாம். நீங்கள் பார்த்தது வெறும் பம்பு செட்டு சாமானாக இருந்தால், எல்லாரும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போகலாம். அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

அன்று அந்தப் பொருளைக் கொண்டு வந்த மாணவன் இப்போது மூன்று வேலி நிலம் சாகுபடி செய்கிறான். ஒவ்வொரு வருடமும் வாய்க்கால் தூர்வாரும்போது, மண்வெட்டியில் ஏதாவது 'ணங்'கென்று பட்டால் வேலையை நிறுத்தச் சொல்லிவிடுவானாம். "டீச்சர் மேசைதான் ஞாபகம் வருது" என்று என்னிடம் சொன்னான்.

உங்களுக்கும் ஞாபகம் இருக்கட்டும், குழந்தைகளே! இன்று மாலை விளையாடப் போகும்போது, இந்த நான்கு சொற்களையும் உங்கள் நண்பர்களுக்குச் சொல்லுங்கள்: நில், தொடாதே, திரும்பு, சொல்!